இருபத்தொன்றாவது தட்டு

முத்துத்தாய்க்கு லேப்டாப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் வித்தியாசம் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகத் தெரியும். மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற முடிந்தால் லேப்டாப். மேசை போட்டு உட்கார வைக்க வேண்டியிருந்தால் கம்ப்யூட்டர். எட்டாவது வரைதான் படித்தவள் என்றாலும் வில்லாபுரத்தில் இருபது வருசமாக நைட்டி தைத்தவள். வெட்டின துணிக்கட்டு வந்து இறங்கியதும் எத்தனை பீஸ் குறைகிறது என்று கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை இந்த விசயத்தில் யாரும் ஏமாற்றவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் புருசன் அழகுமலை கிரில் பட்டறையில் வெல்டர். ஒண்டுக்குடித்தனத்திலேயே பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, ஒருவழியாக ஒத்தக்கடையில் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ரெண்டு சென்ட் வாங்கி வீடு எழுப்பினார்கள். வீட்டுக்குப் பிளான் போட்டது மகள் சுபலட்சுமி. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒத்தக்கடையிலேயே ஒரு இன்ஜினியர் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் வீட்டுக்கெல்லாம் பிளான் வரைகிற பெண். சொந்த வீட்டுக்கு வரையும்போது ஹால், அடுப்படி, ஒரே ஒரு ரூம், அம்மாவின் தையல் மிஷினுக்கு வெளிச்சம் விழ கிழக்கே ஒரு ஜன்னல் என்று எல்லாம் வைத்தவள், தனக்கென்று ஒரு மூலையும் வைக்கவில்லை. ஏன் தாயி என்று கேட்டதற்கு, நான்தான் கோயமுத்தூர் போயிருவேனே, எனக்கெதுக்கு என்று சிரித்தாள்.

கோயமுத்தூரில் ஒரு பெரிய கட்டடக் கம்பெனி அவளை இன்டர்வியூ செய்து எடுத்திருந்தது. பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் கட்டடம் எழும்புகிற இடம். ஆகவே சேருகிறவர்கள் சொந்தமாக லேப்டாப் கொண்டுவர வேண்டும், அது படம் வரைகிற அளவுக்கு வேகமுள்ளதாக இருக்க வேண்டும் என்று கண்டிஷன். ஆவணியில் ஒரு வியாழக்கிழமை வீட்டுக்குப் பால்காய்ப்பு. அதற்கடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். நாலு நாள் இடைவெளி.

முத்துத்தாயின் அண்ணன் முத்திருளன் செக்கானூரணிக்கு மேற்கே தோப்பும் டிராக்டருமாக இருக்கிறவர். பால்காய்ப்புக்குச் சொல்லப் போனபோது பேச்சுவாக்கில் லேப்டாப் விசயம் வந்தது. சீட்டு எடுத்த பணத்தில் வாங்கலாம் என்று வைத்திருப்பதாக அழகுமலை சொன்னார். முத்திருளன் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார்.

"தாய்மாமன் நான் என்ன செத்தா போயிட்டேன்? நீங்க எதுக்கு மாப்ள வாங்குறீக? சீரோட சீரா அதையும் நானே கொண்டாந்து எறக்குறேன்."

அதோடு அழகுமலையின் பணம் வாசல்படிக் கிரானைட்டாக மாறிவிட்டது. சுபலட்சுமி என்ன வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் தமிழிலேயே எழுதி அம்மாவிடம் கொடுத்தாள். மேலே பெரிதாக லேப்டாப் என்று எழுதி அடியில் ரெண்டு கோடு இழுத்திருந்தாள்.

இந்தச் சீர் என்கிற சொல்லைக் கேட்டதும் முத்துத்தாய்க்கு ஏன் முகம் அப்படி மலர்ந்தது என்றால், அதற்கு ஒன்பது வருசத்துக் கணக்கு இருந்தது. சுபலட்சுமியின் சடங்குக்கு அண்ணன் வந்த வருசம் அவர் கிணறு வற்றிக் கிடந்தது. ஏழே தட்டு. அதிலும் ரெண்டில் வாழைப்பழம். அழகுமலையின் அக்கா ரெங்கம்மாள் மண்டபத்து வாசலில் நின்று தட்டுகளை விரல்விட்டு எண்ணினாள். ஏழு தட்டுக்கு எதுக்கு மேளம், கையிலயே தூக்கிட்டு வந்திருக்கலாமே என்று நாலு பேர் காதில் விழச் சொன்னாள். அன்றோடு விட்டாளா? எந்த விசேசத்தில் பார்த்தாலும், உங்கண்ணன் வந்திருக்கானா, தட்டோட வந்திருக்கானா என்று கேட்பாள். முத்துத்தாய் சிரித்தாற்போல நகர்ந்துவிடுவாள். நகர்ந்து போய்ப் பந்தியில் உட்கார்ந்தால் சோறு இறங்காது. இதையெல்லாம் ஆம்பளைகளிடம் சொன்னால் விளங்கவா போகிறது.

சீர் வாங்கப் போகிற கடைக்குச் சீர் பெறுகிற வீட்டார் போவது வழக்கமில்லை. என்ன வருகிறதென்றே தெரியாத மாதிரி வாசலில் நின்றுதான் வாங்க வேண்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் முத்திருளன் போன் பண்ணி, யாரிடமும் சொல்லாமல் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு, எனக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்றார். முத்துத்தாய் தைத்து முடித்த மூணு டஜன் நைட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு, கம்பெனியில் குடுத்துட்டு வாரேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அது பொய்யில்லை. நைட்டியைக் கொடுக்கத்தான் செய்தாள். அதற்கப்புறம் போன இடத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வெயில் மண்டையைப் பிளந்தது. கடைக்குள் ஏசி போட்டிருந்தார்கள். முத்திருளன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சீட்டைப் படிச்சுச் சொல்லுத்தா என்றார். முத்துத்தாய் ஒரு வரி விடாமல் படித்தாள். கடைக்காரத் தம்பி கெட்டிக்காரன், கேட்டது கேட்டபடி ஒரு லேப்டாப்பை எடுத்து வந்து வைத்தான். பெட்டியோடு சேர்த்து ஒரு பட்டுச்சேலைப் பெட்டி அளவுதான் இருந்தது.

"இம்புட்டுத்தானா தம்பி?" என்றார் முத்திருளன்.

"எல்லாமே இதுக்குள்ளயே இருக்குண்ணே."

"இருக்கட்டும்ப்பா. ஒரே தட்டுல முடிஞ்சு போகுதே."

தம்பிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மதுரையில் கடை வைத்திருக்கிறவனுக்குச் சீர் தெரியாதா. அதே விலைக்கு இந்தப் பக்கம் வாங்கண்ணே என்று கூட்டிப்போனான். அங்கே ஒரு கம்ப்யூட்டர் செட்டு, ஒரு பக்கம் கண்ணாடி வைத்து உள்ளே பச்சையும் ஊதாவுமாக விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முத்திருளன் அப்படியே நின்றுவிட்டார். உடனே மகன் சூரியபிரகாஷுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார். அவன் டிகிரி முடித்துவிட்டு அப்பாவின் டிராக்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருக்கிற பையன். அதையே எடுங்கப்பா, செம மாடலு என்றான். கடைக்காரத் தம்பி நியாயமானவன் என்றுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்து கேட்கத்தான் செய்தான்.

"வீட்ல வச்சுப் பாக்குறதுக்காண்ணே, வெளிய கொண்டுக்கிட்டுப் போறதுக்கா? அத மட்டும் சொல்லுங்க."

முத்திருளன் தங்கச்சியைப் பார்த்தார். முத்துத்தாய் கையில் சீட்டு இருந்தது, அதில் ரெண்டு கோடு இருந்தது. அதே நேரம் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். சுபா. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அவள் போனின் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கிச் சத்தத்தை அடக்கிப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

"வீட்டுக்குத்தான் தம்பி," என்றார் முத்திருளன். பிறகு தங்கச்சி பக்கம் குனிந்து சிரித்தார். "எங்கத்தா போகப்போகுது? நாளைக்கு நம்ம வீட்டுக்கே திரும்பி வரப்போற பொருளுதான."

முறைமாமன் வீட்டில் எப்போதும் பேசுகிற கேலி. முத்துத்தாயும் சிரித்தாள்.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மானிட்டர் ஒரு தட்டு. சிபியு ஒரு தட்டு. கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர், யுபிஎஸ், பிரிண்டர், கேமரா. எட்டு. ஊரிலிருந்து வருகிற பட்டு, வேட்டி, குத்துவிளக்கு, பழம், சீனி எல்லாமாகப் பன்னிரண்டு. முத்துத்தாய் மனசுக்குள் ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். இருபது. ரெட்டைப்படையில் சீர் வைக்க முடியுமா? அண்ணன் அதைக் கவனிக்கவில்லை, பில் போடச் சொல்லிவிட்டார். அவள் சுற்றிப் பார்த்தாள். கல்லாவுக்குப் பின்னால் கறுப்பாகச் சதுரம் சதுரமாக மவுஸுக்கு அடியில் போடுகிற ரப்பர் விரிப்பு தொங்கியது.

"அண்ணே, அதுல ஒண்ணு சேத்துப் போடச் சொல்லுங்க. இருபத்தொண்ணாயிரும்."

கடையில் அவள் சொந்த வாயால் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். வெளியே வந்ததும் அண்ணன் கறிதோசை வாங்கிக் கொடுத்தார். ரெண்டு தின்றாள். ருசியாக இருந்தது.

வியாழக்கிழமை தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து சீர் கிளம்பியது. மேளம், வெடி, மாலை போட்ட கிடா. பொம்பளைகள் வரிசையாகத் தட்டோடு வர, நடுவில் மானிட்டரை ரெண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதன் நெற்றியில் சந்தனம் குங்குமம். சிபியுவுக்கு ரோசாப்பூ மாலை. சூரியபிரகாஷ் வேனில் இருந்த பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து விளக்குகளை எரியவிட்டுக்கொண்டே வந்தான். மாடியெல்லாம் ஆட்கள், கையில் செல்போன். அழகுமலை வேலைபார்க்கிற பட்டறை முதலாளியே எழுந்து நின்று பார்த்தார்.

ரெங்கம்மாள் வாசலில் நின்று எண்ணினாள். விரல் போதாமல் மறுபடி முதல் விரலுக்கு வந்தாள். கடைசியாக வந்த தட்டில் ரெண்டு மாம்பழத்துக்கு நடுவே அந்தக் கறுப்பு விரிப்பு இருந்தது. இது என்னத்தா, கருகிப்போன அப்பளமாட்டம் என்று கேட்டாள்.

"அது இல்லாட்டி கம்ப்யூட்டரே ஓடாது மதினி," என்றாள் முத்துத்தாய்.

ரெங்கம்மாள் வாயை மூடிக்கொண்டாள். ஒன்பது வருசத்தில் முதல் தடவையாக மூடினாள். அந்த நிமிசத்தில் முத்துத்தாய்க்கு உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. அதை இல்லையென்று சொன்னால் அது சுத்தப் பொய். திரும்பிப் பார்த்தபோதுதான் பட்டுப்பாவாடை தாவணியில் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சுபலட்சுமியைக் கண்டாள். அவள் தட்டுகளை எண்ணவில்லை. எதையோ தேடிக்கொண்டிருந்தாள். இருபத்தொரு தட்டையும் தேடி முடித்துவிட்டு உள்ளே போனாள்.

பந்தியெல்லாம் முடிந்து பின்னால் அண்டா குண்டாவைக் கழுவிக்கொண்டிருக்கும்போது மகள் பக்கத்தில் வந்து குத்தவைத்தாள். அழவில்லை.

"இதத் தூக்கிக்கிட்டு எப்படிம்மா கோயமுத்தூர் பஸ் ஏறுவேன்?"

"சீட்ட மாமாட்ட குடுத்தேன் தாயி. அவரு எதப் பாத்தாரோ. எனக்கென்ன தெரியும், நான் என்ன கடைக்கா போனேன்."

எத்தனை சுலபமாக வந்தது அந்தச் சொல். சுபலட்சுமி பாத்திரத்தில் ஒட்டிய சோற்றை நகத்தால் சுரண்டினாள். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டது அதைச் சொல்லத்தான், கம்பெனியிலிருந்து மறுபடியும் லேப்டாப்தான் வேண்டும் என்று மெயில் வந்திருந்தது, நீ எடுக்கவில்லை என்றாள். பஸ்ஸில் கேட்கவில்லை என்றாள் முத்துத்தாய்.

"மாமாவச் சொல்லிக் குத்தமில்ல. ஆசையா வாங்கியாந்திருக்காரு. நீ கூடப் போயிருந்தாலாவது சொல்லியிருப்ப," என்று சுபலட்சுமி அம்மாவின் கையிலிருந்த தேங்காய் நாரை வாங்கி அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மறுநாள் எல்லாரும் கிடாக்கறி தின்றுகொண்டிருக்கும்போது அழகுமலை பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். கடைக்காரர்கள் மாற்றித் தருகிறோம், வாங்கியவர் வந்தால் போதும் என்றார்கள். உங்கண்ணனைக் கூப்பிடு என்றார். முத்துத்தாய் கூப்பிட்டாள். தங்கச்சி வீட்டில் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டு முத்திருளன் குரலை உயர்த்தினார்.

"சந்தனம் வச்சு எறக்குன சீரத் திருப்புறதும் எங்கூட ஒறவு வேணாங்கிறதும் ஒண்ணுதான். யோசிச்சுச் செய்."

அது உண்மை. அந்தப் பக்கத்தில் சீர் திரும்பிய வீடுகள் ரெண்டு மூணு உண்டு, அவர்கள் சாவுக்குக்கூட வந்துகொள்வதில்லை. ஆனால் முத்துத்தாய் யோசித்தது அதை மட்டும் இல்லை. மானிட்டரும் சிபியுவும் வேனில் ஏறித் திரும்பிப் போவதை ரெங்கம்மாள் பார்த்தால் என்ன சொல்வாள் என்பதையும் யோசித்தாள். அப்புறம் புருசனிடம் வந்து, சீர் பொருள மாத்த வேணாம், வேற வழி பாப்போம் என்றாள். அழகுமலை எச்சில் இலையை மடித்துவிட்டு எழுந்துபோனார். வேற வழி எங்கே இருக்கிறது? பணந்தான் வாசல்படியாகக் கிடக்கிறதே.

திங்கட்கிழமை காலையில் சுபலட்சுமி கம்பெனிக்குப் போன் செய்து பத்து நாள் தவணை கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து நைட்டிக்குக் கழுத்துப்பட்டி வைத்துக்கொண்டிருந்த முத்துத்தாய் மிஷினை நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண்ணின் குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. வெயிட்டிங் லிஸ்டில் அடுத்த ஆள் இருக்கிறார், உங்களுக்கு வாழ்த்துகள் என்று வைத்துவிட்டாள். ஒத்தக்கடை இன்ஜினியரும் அதற்குள் அவள் நாற்காலியில் வேறு பெண்ணை உட்கார வைத்துவிட்டார். வழியனுப்பு விழாவுக்குக் கேக் வெட்டின ஆபீசில் மறுபடி போய் எப்படி நிற்பது?

அதன்பிறகு அவள் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்தாள். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மேசை. அவளுக்குத்தான் ரூம் கிடையாதே. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம், இதுதான் மாமன் சீரா என்று விளக்கெரிவதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். முத்துத்தாய் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைத் துடைத்துப் பொட்டு வைத்தாள். சுபலட்சுமி அந்தப் பொட்டை அழித்துவிட்டு, தெரிந்தவர்கள் தருகிற சின்னச் சின்ன மாடிப்படி, கக்கூஸ் பிளான்களை வரைவாள். அம்மாவிடம் முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டியாம்மா என்று கேட்பாள். மிஷினுக்கு நூல் கோத்துக் கொடுப்பாள். அந்த அன்புதான் முத்துத்தாய்க்குத் தாங்கவில்லை. திட்டிவிட்டாலாவது தேவலை என்றிருந்தது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்திருளன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. வந்த விசயம் அதிலேயே தெரிந்துவிட்டது. சூரியபிரகாஷ் நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, இதுல கேம் போட்டா பறக்கும் அத்தை என்றான். அழகுமலை பட்டறைக்குப் போயிருந்தார். அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த சுபலட்சுமி தம்ளர்களோடு ஹாலுக்கு வந்தாள். மாப்ள வரட்டும், அவரிடமும் பேசிக்கொள்ளலாம், நமக்குள் என்ன என்று முத்திருளன் உட்கார்ந்தார். சுபலட்சுமி வேலைக்கு வெளியூர் போகாமல் வீட்டிலேயே இருப்பதில் அவருக்கு ஏகத் திருப்தி.

"அன்னைக்கே உங்கம்மாட்ட கடையில வச்சுச் சொன்னேன் தாயி, நம்ம வீட்டுக்கே திரும்பி வரப்போற பொருளுன்னு. உங்கம்மா சிரிச்சா. வீட்டுக்கா வெளியவான்னு கடைக்காரன் கேட்டான் பாரு, நான் அவளத்தான் பாத்தேன். அவ வாயத் தொறக்கல. அவளுக்கும் பிள்ளைய வெளிய அனுப்ப மனசில்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

முத்துத்தாய் அண்ணனை நிறுத்தப் பார்த்தாள். அவர் பெருமையில் மிதந்துகொண்டிருந்தார்.

"கெட்டிக்காரி உங்கம்மா. சீட்டப் படிச்சதும் அவதான், தட்ட எண்ணுனதும் அவதான். இருபதுதான் வருதுன்னு அந்தா அந்த ரப்பரக் கேட்டு வாங்குனவளும் அவதான்."

சுபலட்சுமி தம்ளரை மாமா கையில் கொடுத்தாள். சிந்தாமல்தான் கொடுத்தாள். மேசைக்குப் போய் மவுஸை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கறுப்பு விரிப்பை உருவினாள். கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"மாமா மேல எனக்குக் கோவமில்லம்மா. அவரு அவருக்கு வேணுங்கிறத வாங்குனாரு. நீ யாருக்கு வாங்குன?"

வீட்டில் இருந்த அந்த ஒரே ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழகுமலை செய்த இரும்புக் கதவு அல்ல, கடையில் வாங்கிய கதவு, சாத்தினால் சத்தமே வராது.

பிள்ளை என்னத்தா சொல்லுது என்றார் முத்திருளன். வெளியே மழை கனத்துக்கொண்டிருந்தது. முத்துத்தாய் மடியிலிருந்ததை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். பழத்தட்டை எடுத்து அண்ணன் பக்கம் நகர்த்தினாள்.

"பொண்ணு தாரதுக்கு இல்லண்ணே. நீங்க எறக்குன பொருளையும் எடுத்துட்டுப் போயிருங்க."

அவர் நம்பவில்லை. விளையாடுகிறாயா என்றார். திட்டினார். கடைசியில் அவர் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. பாவம், ஏழு தட்டோடு வந்தபோது தலைகுனிந்த மனுசன், அந்தக் குனிவை நிமிர்த்தத்தான் அவரும் வாங்கினார். மழை விட்டதும் வேன் பிடித்து ஏற்றினார்கள். மேளம் இல்லை, வெடி இல்லை. சூரியபிரகாஷ் மானிட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றினான். எதிர்வீட்டுக்காரி படியில் நின்று பார்த்தாள். சாயங்காலத்துக்குள் ரெங்கம்மாளுக்குப் போய்விட்டது. அவள் போன் பண்ணிச் சிரித்தாள் என்று எழுத வேண்டும்போல் இருக்கிறது, ஆனால் அவள் போன்கூடப் பண்ணவில்லை. சீர் திரும்பிப் போனதைவிடப் பெரிய விசயம் எதுவும் அவளுக்கு இனி தேவையில்லை.

இத்தனையும் செய்துவிட்டு முத்துத்தாய் கதவைத் தட்டினாள். எல்லாத்தையும் அனுப்பிட்டேன் தாயி என்றாள். உள்ளே பெட்டியில் துணி அடுக்குகிற சத்தம் கேட்டது.

சுபலட்சுமி இப்போது கோயமுத்தூரில்தான் இருக்கிறாள். அந்தக் கம்பெனியில் இல்லை, ஒரு டைல்ஸ் கடையில், வருகிறவர்களுக்கு மாதிரி எடுத்துக் காட்டுகிற வேலை. வாரம் ஒரு தடவை போன் வருகிறது. அப்பாவுக்கு வருகிறது. அம்மா நல்லாருக்காளா என்று கேட்கிறாள் என்று அழகுமலை சொல்கிறார், உண்மையிலேயே கேட்கிறாளா அவராகச் சொல்கிறாரா என்று முத்துத்தாய் விசாரிப்பதில்லை. செக்கானூரணி பக்கத்திலிருந்து யாரும் வருவதில்லை.

அன்றைக்கு வேனில் ஏற்றும்போது அந்த ரப்பர் விரிப்பு மட்டும் விட்டுப்போயிற்று. அவள் இடுப்புச் சேலையில் செருகியிருந்தாள், ஞாபகமில்லை. இப்போது கிழக்கு ஜன்னலோரம் தையல் மிஷின் மேல் கிடக்கிறது. கத்தரிக்கோல் வைத்தால் வழுக்காமல் இருக்கிறது.